வீட்டுக்கு நர்ஸ் அனுப்புகிறேன், எனக்கு எந்த லைசென்ஸ் வேண்டும்?

வாசகி கேட்டது:

மேடம், நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவள். தனியார் மருத்துவமனையில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் தஞ்சாவூரில் சொந்தமாக ஹோம் நர்சிங் தொடங்கினேன். இப்போது என்னிடம் நான்கு நர்சுகள், ஒன்பது கேர்டேக்கர்கள் இருக்கிறார்கள். உத்யம் பதிவும், மாநகராட்சி தொழில் உரிமமும் வாங்கியிருக்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் 78 வயதுப் பெரியவருக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது. தோஹாவில் இருக்கும் அவர் மகன், "உங்கள் லைசென்ஸ் எங்கே, காட்டுங்கள், புகார் கொடுக்கப் போகிறேன்" என்று தினமும் போன் செய்கிறார். இதைக் கேள்விப்பட்ட ஏஜென்ட் ஒருவர், 40,000 ரூபாய் கொடுத்தால் 'ஹோம் நர்சிங் லைசென்ஸ்' எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? இன்னொன்று, நர்ஸ் போக முடியாத நாட்களில் கேர்டேக்கரே இன்சுலின் போட்டுவிடுகிறார். ஊசியை அந்த வீட்டுக் குப்பைத் தொட்டியில்தான் போடுகிறோம். இதெல்லாம் தப்பா? ஒரு பெண் வேறு, குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கு மட்டும் டியூட்டிக்குப் போக மாட்டேன் என்கிறாள், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாள். எங்கே போய் எந்தப் பேப்பரை வாங்கினால் எனக்கு நிம்மதி வரும்?

அன்புள்ள சிஸ்டருக்கு,

லைசென்ஸில் தொடங்கி, அந்தப் பெண்ணைப் பற்றிப் போகிற போக்கில் கடைசியில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. இது நாளைக்குக்கூடத் தள்ளிப் போகக் கூடாது.

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவள் நான். ஒரு வீட்டுக்கு மட்டும் போக மாட்டேன் என்று ஒரு பெண் சொல்லி, காரணம் சொல்லவும் மறுத்தால், பத்தில் ஒன்பது தடவை காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். 'கேட்டால் ஒரு கிளையன்ட் போய்விடுமே' என்ற தயக்கம்தான் உங்கள் எழுத்தில் தெரிகிறது. தப்பாக நினைக்காதீர்கள், நானும் அப்படித் தயங்கியிருக்கிறேன்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. நம் தொழிலில் இருக்கிற பலரும் அது ஆபீஸ்களுக்கான சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் 'பணியிடம்' என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், குடியிருக்கும் வீடும் உண்டு, வேலை நிமித்தம் போகிற எந்த இடமும் உண்டு, அங்கே போக நீங்கள் ஏற்பாடு செய்து கொடுத்த வண்டியும் உண்டு. ஆக, உங்கள் பெண்கள் டியூட்டி பார்க்கும் ஒவ்வொரு வீடும் சட்டப்படி அவர்களுடைய பணியிடம்தான். தினக்கூலி, தற்காலிகம், கமிஷன் அடிப்படை, ஏஜென்ட் மூலம் வந்தவர் என்ற வித்தியாசமும் அந்தச் சட்டத்தில் கிடையாது. எல்லாருமே ஊழியர்கள்.

உங்களிடம் 13 பேர். 10 பேர் இருந்தாலே இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைத்தாக வேண்டும். தலைவர் பெண்ணாக, அனுபவமுள்ளவராக இருக்க வேண்டும். ஊழியர்களில் இரண்டு பேராவது வேண்டும். வெளியிலிருந்து ஒருவர், இந்த மாதிரி விஷயங்களில் பழக்கமுள்ள தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவராகவோ வேறு விஷயம் தெரிந்தவராகவோ வேண்டும். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவாக வைத்து நடத்தும் தோழிகள் இதைப் படித்தால், அவர்களுடைய ஊழியர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம், கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

சரி, தொந்தரவு கொடுத்தவர் உங்கள் ஊழியர் இல்லை, அந்த வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவரை உங்கள் குழு சஸ்பெண்ட் செய்ய முடியாதுதான். ஆனால் அந்தப் பெண் புகார் கொடுக்க விரும்பினால் அதற்கு உதவுவது முதலாளியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. கூடவே ஸ்டேஷனுக்குப் போவது, டியூட்டி ரெஜிஸ்டரின் நகலைக் கொடுப்பது எல்லாம் அதில் சேர்த்தி. குழுவிடம் தரும் எழுத்துப் புகாருக்கு மூன்று மாதக் கெடு இருக்கிறது, தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அவளை ஆபீசுக்கு வரச் சொல்லாதீர்கள். நீங்கள் அவள் வீட்டுக்குப் போங்கள். சும்மா பேசிக்கொண்டிருங்கள். "அந்த வீட்டுக்கு உன்னை இனி அனுப்ப மாட்டேன், சம்பளமும் பிடிக்க மாட்டேன்" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவளாகச் சொல்வாள். அதுவரைக்கும் வேறு பெண்ணை அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருத்தி போக மாட்டேன் என்ற வீட்டுக்கு இன்னொருத்தியை அனுப்புவார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எல்லாப் பெண்களின் போனிலும் நீங்களே பதிந்து கொடுங்கள்.

இப்போது ஏஜென்ட்டுக்கு வருகிறேன். 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 'ஹோம் நர்சிங் லைசென்ஸ்' என்ற பெயரில் ஒற்றைக் காகிதம் கிடையாது. மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் வருடச் சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பு தரும் நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. அது நிறைவேறவே இல்லை. ஆக, இல்லாத ஒன்றை அந்த மனிதர் விற்கிறார். கடைசியில் அவர் கையில் கொடுப்பது பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் உத்யம் மாதிரி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

உத்யம் என்பது 'நான் சிறு தொழில் நடத்துகிறேன்' என்று நாமே அரசுக்குச் சொல்லிக்கொள்வது. பேங்க் லோனுக்கு உதவும். நோயாளியைத் தொடுவதற்கு அது அனுமதி இல்லை. மாநகராட்சி உரிமமும் உங்கள் கட்டடத்துக்கும் தொழிலுக்கும்தான். தோஹாக்காரருக்கு இந்த இரண்டையும் அனுப்பி 'இதுதான் லைசென்ஸ்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அப்படியானால் மருத்துவம் சார்ந்த பதிவே வேண்டாமா என்றால், அது உங்கள் ஆபீஸ் முன்னறையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. மருத்துவ நிறுவனங்களுக்கான மத்திய அரசின் 2010ஆம் வருடச் சட்டம் இங்கே நடைமுறையில் இல்லை, நம் மாநிலத்துக்கென்று 1997இலேயே மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, அதற்கு 2018இல் விதிகள் வந்தன. மாவட்டத்தில் அதைப் பார்ப்பது நலப்பணிகள் இணை இயக்குநர், நாம் ஜே.டி. ஆபீஸ் என்போமே, அதுதான். உங்கள் ஆபீசில் ஒரு கட்டில் போட்டு, வருகிறவர்களுக்கு பி.பி. பார்ப்பது, டிரெஸ்ஸிங் செய்வது, டாக்டர் சீட்டோடு வந்தால் ஊசி போடுவது என்று ஏதாவது நடந்தால், அது கிளினிக். பதிவு செய்துதான் ஆக வேண்டும். வாசலில் 'ஹோம் நர்சிங்' என்று போர்டு இருந்தால் மட்டும் தப்பிக்க முடியாது.

அப்படி எதுவும் இல்லை, எல்லாச் சேவையும் நோயாளி வீட்டில்தான் என்றால், ஜே.டி. ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் நிறுவனம் இன்னின்ன செய்கிறது, இத்தனை பேர் இருக்கிறார்கள், இவர்களின் தகுதி இது, எனக்குப் பதிவு தேவையா என்று தெரிவிக்கவும், அவ்வளவுதான். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபால். பதில் வந்தால் நல்லது. தாமதமானாலும், நீங்களாகப் போய்க் கேட்டதற்குச் சாட்சியாக ஒரு தாள் உங்களிடம் இருக்கும். வாய்வார்த்தையாக கிளார்க் ஒருவர் "அதெல்லாம் வேண்டாம்மா" என்று சொன்னதை நம்பி வந்துவிடாதீர்கள்.

இனிதான் உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் அனுமதி கட்டடத்துக்கும் உண்டு, ஆட்களுக்கும் உண்டு. நம் தொழிலில் கட்டடமே இல்லை. அதனால் எல்லாப் பாரமும் ஆட்களின் கையில் வந்து விழுகிறது. எந்தக் கை ஊசியைத் தொடலாம், எந்தக் கை கதீட்டரை, அதாவது சிறுநீர்க் குழாயைத் தொடலாம், எந்தக் கை கஞ்சி ஊட்டுவதோடு நிற்க வேண்டும் என்பதுதான் உங்கள் லைசென்ஸ்.

உங்கள் நான்கு நர்சுகளின் பதிவுச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயர் இருக்கிறதா? புதுப்பித்திருக்கிறார்களா? கேரளத்தில் படித்துப் பதிவு செய்தவர் யாராவது இருந்தால், இங்கே வேலை பார்க்க இங்கேயும் பதிவு வேண்டும். நர்சிங் பாதியில் விட்டவர், 'ஆறு மாத நர்சிங் கோர்ஸ்' முடித்தவர், தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் யாருமே நர்ஸ் இல்லை. பில்லிலும் ஐடி கார்டிலும் அவர்களை நர்ஸ் என்று போடாதீர்கள். வெள்ளை கோட் போட்டு அனுப்புவதையும் நிறுத்துங்கள். வீட்டுக்காரர்கள் கோட்டைப் பார்த்துத்தான் ஊசி போடச் சொல்கிறார்கள்.

நகல் மட்டும் வாங்கி வையுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய நிர்வாகங்களுக்கு உண்டு. நீங்களும் அதை அனுபவித்துத்தான் வெளியே வந்திருப்பீர்கள். அதை நீங்கள் செய்யாதீர்கள்.

கேர்டேக்கர்கள் குளிப்பாட்டலாம், திருப்பிப் படுக்க வைக்கலாம், ஊட்டலாம், டயப்பர் மாற்றலாம், நடக்க உதவலாம். ஹோம் ஹெல்த் எய்ட், ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்று திறன் பயிற்சித் திட்டத்தில் படிப்புகள் இருக்கின்றன, அவற்றைப் படித்தவரை எடுத்தால் உங்களுக்கு நல்லது. ஆனால் அதைப் படித்தவரும் ஊசி போடக் கூடாது, கதீட்டர் மாற்றக் கூடாது, மூக்கு வழியாகக் குழாய் செருகக் கூடாது. அதையெல்லாம் பதிவு பெற்ற நர்ஸ், அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத்தான் செய்யலாம்.

"ஒரு இன்சுலின்தானே மேடம்" என்று நீங்கள் சொல்வது இங்கே எனக்குக் கேட்கிறது. அந்த ஒரு இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர் மெடிக்கலில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. வீட்டில் பிரிட்ஜைத் திறந்தால் இரண்டும் கலந்து கிடக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மிச்சம், மருமகன் வாங்கி வந்தது என்று. டாக்டர் 20 யூனிட் என்று எழுதியிருக்கிறார். 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. தட்டில் வைத்த இட்லியைப் பெரியவர் பாதிதான் சாப்பிட்டார் என்றால் சர்க்கரை எவ்வளவு இறங்கும் என்று நினைத்துப் பாருங்கள். மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. நமக்கு இது முதல் வருடப் பாடம். கேர்டேக்கர் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நர்ஸ் போக முடியாத நாளுக்கு வழி இல்லாமல் இல்லை. தினசரி இன்சுலின் உள்ள வீட்டில், சேர்ந்த முதல் வாரமே மகளுக்கோ மருமகளுக்கோ உங்கள் நர்ஸ் போடக் கற்றுக் கொடுக்கட்டும். கற்றுக் கொடுத்ததை எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். நர்ஸ் வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வோம், குடும்பத்தினர் போட்டுக்கொள்வார்கள் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள். வீட்டில் யாருமே இல்லாத கேஸ் என்றால், மாற்று நர்ஸ் ஏற்பாடு செய்ய முடிந்தால் மட்டும் அந்தக் கேஸை எடுங்கள்.

டாக்டர் போனில் சொன்னார் என்பதும் போதாது. தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச்சில் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. டாக்டர் வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பலாம், அது செல்லும். ஆனால் அது சீட்டாக இருக்க வேண்டும், அவருடைய பதிவு எண்ணோடு. 'ஓகே கிவ்' என்று ஒரு மெசேஜ் வந்தால் அது சீட்டு இல்லை. மார்ஃபின் போன்ற போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதவே கூடாது. இன்னொன்று, மருந்தை நீங்கள் வாங்கி ஸ்டாக் வைத்து வீடுகளுக்கு விற்காதீர்கள், அதற்கு மருந்துக்கடை உரிமம் வேண்டும். குடும்பம் வாங்கட்டும், நர்ஸ் போடட்டும்.

அடுத்து, படுக்கைப் புண்.

மகன் கேட்பது லைசென்ஸ் போலத் தோன்றினாலும், அவருடைய உண்மையான கேள்வி 'அப்பாவை நீங்கள் ஒழுங்காகப் பார்த்தீர்களா' என்பதுதான். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் நோட்டுப் புத்தகம். பெரியவர் உங்களிடம் வந்த முதல் நாள் அவருடைய குதிகால், வால் எலும்பு, இடுப்பு எலும்பு, பிடரி எல்லாம் எப்படி இருந்தன என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? மருத்துவமனையிலிருந்து வரும்போதே தோல் சிவந்துபோய் வருகிறவர்கள் நிறையப் பேர். முதல் நாள் எழுதவில்லை என்றால், அந்தச் சிவப்பும் உங்கள் கணக்கில்தான் சேரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததற்கு நேரம் போட்ட சார்ட் இருக்கிறதா? உங்கள் பெண் பகல் 12 மணி நேர டியூட்டி என்றால், ராத்திரி 12 மணி நேரம் அவரைத் திருப்பியது யார்? இதை நீங்கள் குடும்பத்திடம் ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும், எழுதியும் வைத்திருக்க வேண்டும். தோஹாவில் இருக்கும் மகனுக்கு, தான் கட்டும் பணம் 24 மணி நேரத்துக்கு என்ற எண்ணம் இருந்திருக்கலாம்.

சார்ட் இல்லை என்றால், தயவுசெய்து இப்போது உட்கார்ந்து எழுதாதீர்கள். நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு மருத்துவமனையில் நோயாளி ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். விசாரணை என்றதும் ஒரே ராத்திரியில் ஒரு வாரச் சார்ட்டை எல்லாரும் சேர்ந்து நிரப்பினோம். ஆமாம், நானும்தான். விசாரிக்க வந்தவர் அந்தத் தாள்களைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. டியூட்டி ரோஸ்டரைக் கேட்டார். 14ஆம் தேதி சார்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்த சிஸ்டர் 14ஆம் தேதி லீவு. விழுந்ததற்காக யாருக்கும் பெரிய தண்டனை வந்திருக்காது. எழுதியதற்காக இரண்டு பேருக்கு வேலை போனது. என் கையெழுத்து இருந்த தாள் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இருப்பதை இருக்கிறபடி மகனுக்கு அனுப்புங்கள். எந்தத் தேதியிலிருந்து சேவை, எத்தனை மணி நேரம், யார் யார் வந்தார்கள், அவர்களின் தகுதி என்ன, புண்ணை முதலில் யார் எப்போது பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள். சார்ட் விட்டுப்போயிருந்தால் விட்டுப்போனது என்றே எழுதுங்கள். இன்றைக்கே டாக்டரைக் கூட்டிப் போய்ப் புண்ணைக் காட்டி, டிரெஸ்ஸிங் முறையை எழுதி வாங்குங்கள். வசதி இருந்தால் நீர்ப்படுக்கையோ காற்றுப் படுக்கையோ உங்கள் செலவில் ஒரு மாதம் கொடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், பெரியவர் முதுகைப் பற்றித்தான் இப்போது யோசிக்க வேண்டும். அந்தப் பகுதியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்சும் இயன்முறை மருத்துவரும் வீடுகளுக்கு வருகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி, நம் தொழிலில் இருப்பவர்கள் அதைப் போட்டி என்று நினைத்து ஒதுங்குவது எனக்குப் புரியவே இல்லை.

மகன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா? முடியும். காசு வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. இப்போது 2019ஆம் வருடச் சட்டத்தில் புகாருக்கு இரண்டு வருடக் கெடு. அதனால் எந்தக் கேஸ் முடிந்தாலும் நோட்டுகளை மூன்று வருடமாவது வைத்திருங்கள். நோட்டு எழுதுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று நோயாளி தலைமாட்டிலேயே இருக்கட்டும், தமிழில் எழுதட்டும், தினமும் குடும்பத்தில் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். வாரம் ஒருமுறை நீங்கள் போய்ப் பாருங்கள். நோயாளியின் படங்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு 'மார்னிங் கேர் டன்' என்பது வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்து, விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன. சட்டத்தை விடுங்கள், துணி விலகிய ஒரு பெரியவரின் படம் 13 பேர் போனில் இருக்க வேண்டிய அவசியம் என்ன?

ஊசிக் கேள்விக்கு வருகிறேன். 2016ஆம் வருட உயிரி மருத்துவக் கழிவு விதிகளில் வீட்டில் நடக்கும் சிகிச்சையால் வரும் கழிவுக்கென்றே ஒரு வரி இருக்கிறது: விதிப்படி பிரித்து, தனிப் பையிலோ டப்பாவிலோ போட்டு, உள்ளாட்சியின் குப்பை எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சேர்ப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. ஆக, சாதாரணத் தொட்டியில் போடுவது தப்புதான். ஊசிக்குக் குத்தினாலும் கிழியாத மூடியுள்ள வெள்ளை டப்பா, டியூப், கதீட்டர், யூரின் பை, கையுறைக்குச் சிவப்பு, ரத்தம் பட்ட பஞ்சு, டிரெஸ்ஸிங்குக்கு மஞ்சள், கண்ணாடிக்கு நீலம். வண்ணம் உங்களுக்குத் தெரியும், வீட்டில்தான் மறந்துவிடுகிறோம். வார்டு அலுவலகத்தில் போய், எங்கள் வீடுகளிலிருந்து யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால், நீங்களே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விண்ணப்பித்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்லது. படுக்கை வசதி இல்லாத இடங்களுக்கு அந்த அங்கீகாரம் ஒருமுறை வாங்கினால் போதும். உங்கள் முன்னறையில் டிரெஸ்ஸிங் நடந்தால் இது கட்டாயம், அங்கே சேரும் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

அதே விதிகள்படி, கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வைப்பது உங்கள் பொறுப்பு. கேர்டேக்கர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்காவது ஊசி குத்திவிட்டால், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. டியூட்டி முடியட்டும், நாளைக்குப் போகலாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சம்பள விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மீதியை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற ஊழியர் காப்பீடு, 20 பேர் இருந்தால் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி. மாதம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும், உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75 சதவீதம். உங்கள் கணக்கில் இ.எஸ்.ஐ. வந்துவிட்டது. 'அவர்கள் என் ஊழியர்கள் இல்லை, நான் ஆள் காட்டிவிடுகிறேன், அவ்வளவுதான்' என்று சில ஏஜென்சிகள் சொல்வதுண்டு. டியூட்டி போடுவது நீங்கள், சம்பளம் கொடுப்பது நீங்கள், லீவு கொடுப்பது நீங்கள் என்றால் அந்தப் பேச்சு நிற்காது. நியமனக் கடிதம் எல்லாருக்கும் கொடுங்கள். ஜிஎஸ்டியில் மருத்துவச் சேவைக்கு விலக்கு உண்டு, ஆள் சப்ளைக்கு 18 சதவீதம். உங்கள் பில்லில் எந்த வார்த்தை இருக்கிறது என்று ஆடிட்டரிடம் காட்டுங்கள். புதிதாக ஆள் எடுக்கும்போது போலீஸ் சரிபார்ப்பை ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், அதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி மூச்சு விடவில்லை என்று உங்கள் பெண் போன் செய்தால் என்ன செய்வீர்கள்? இந்தத் தொழிலில் அது வராமல் இருக்காது. நர்சோ கேர்டேக்கரோ இறந்துவிட்டார் என்று அறிவிக்கக் கூடாது, டாக்டர் வந்து பார்க்க வேண்டும். வீட்டில் நடந்த இறப்புக்கு, கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் 4ஏ படிவத்தில் காரணம் எழுதித் தருவார். 21 நாட்களுக்குள் பதிவு செய்வது குடும்பத்தின் பொறுப்பு. உடம்பு மிகவும் மோசமாக இருக்கும் நோயாளியைச் சேர்க்கும்போதே, அந்த நேரத்தில் எந்த டாக்டரைக் கூப்பிடுவது என்று குடும்பத்திடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் நம்பரை எழுதி வையுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அந்த நம்பர் இல்லாமல் விடியும் வரை ஒரு இளம் பெண் உடலோடு தனியாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மகனுக்கு எழுதும் பதிலை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். 'மன்னிக்கவும்' என்ற வார்த்தையை எடுத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.